பாதி நானாவும் பொறுமையில்லாத கேர்னலும்

மாத்தளை டவுனில் ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க ஊரையே இரண்டாகப் பிரிக்கத் துணிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். கல்யாண வீடாகட்டும், கோயில் திருவிழாவாகட்டும், "என்னமோ பிழையாப் போச்சு" என்று எவராவது வாய்திறந்தால் போதும். "நடுவால பிரிச்சுப் பாருங்கோ" என்று வந்து நிற்பார். உம்மாவும் வாப்பாவும் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எங்களில் எவருக்கும் தெரியாது. பாதி நானா. அவ்வளவுதான். மின்சாரக் கட்டணத் துண்டு கொண்டுவருகிறவர்கூட "பாதி நானா ஈக்கிறாரா?" என்றுதான் கேட்பார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கொமியூனிகேஷன் கடை. போட்டோகொப்பி, டைப்பிங், ரீலோட். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய ரிப்பேர் கடை. வயிற்றுக்குப் பிரிண்டர் திருத்துவார். மனதுக்குக் கேர்னல் திருத்துவார். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம் என்று உலகத்துக்கே திறந்துவிட்ட ஓர் இயங்குதளம் இருக்கிறதல்லவா, அதன் அடிமடியில் இருப்பதுதான் கேர்னல். எனக்கு அவர் விளங்கப்படுத்திய விதம் இது:

"கேர்னல் எண்டா தோட்டத்துக் கங்காணி மாதிரி. கொம்பியூட்டருக்குள்ள யாரு எப்ப வேல செய்யணும் எண்டு அவர்தான் செல்லுவார். டிரைவர் எண்டா ஒவ்வொரு மெசினுட பாஷையும் தெரிஞ்ச ஆள். கங்காணிக்கும் மெசினுக்கும் நடுவுல நிண்டு பேசுவார்."

"அப்ப நீங்க யாரு நானா?"

"ரெண்டு பேருக்கும் சண்ட வந்தா வெலக்கு புடிக்கிறவன்."

பாதியாக்கும் வித்தையை நான் கண்ணால் கண்டது கோயில் திருவிழாவில். இருநூறு பல்பு கோத்த சரம் ஒன்று எரியவில்லை. ஒரு பல்பு செத்தால் முழுச் சரமும் இருண்டுவிடும் பழைய ரகம். எலெக்ட்ரீஷியன் ஏணியில் ஏறி முதல் பல்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதி நானா நேரே நடுவில் போய் நின்றார். "இந்தப் பக்கம் நூறு, அந்தப் பக்கம் நூறு. எந்தப் பக்கம் நல்லம் எண்டு மட்டும் பாருங்கோ." கெட்ட நூறை ஐம்பதாக்கினார், ஐம்பதை இருபத்தைந்தாக்கினார். எட்டாவது தடவையில் செத்த பல்பு அவர் கையில் இருந்தது. எலெக்ட்ரீஷியன் அப்போது பத்தொன்பதாவது பல்பில் இருந்தார். இறங்கி வந்து அவர் பேசியதை அம்மன் சந்நிதிக்குப் பக்கத்தில் எழுத முடியாது.

அதோடு நின்றிருக்கலாம். அடுத்த மாதம் ஒரு கல்யாண வீட்டில் நாற்பது பேருக்கு வயிறு கலங்கியது. எல்லோரும் பிரியாணி சமைத்தவரைத் தேடி ஓட, இவர் கடதாசியும் பேனையுமாக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். "அச்சாறு திண்டவங்க இந்தப் பக்கம். திண்ணாதவங்க அந்தப் பக்கம். கடைசியா எப்ப வயிறு நல்லா இருந்திச்சு?" ஒரு மணித்தியாலத்தில் தீர்ப்பு வந்தது: பிரியாணி நிரபராதி, அச்சாறு நிரபராதி, குற்றவாளி ஃபலூடா. ஃபலூடாவைத் தன் கையால் கலக்கியவர் மணப்பெண்ணின் வாப்பா. அன்று பாதி நானா பின்சுவர் ஏறித்தான் வீடு போனார்.

"உண்மையக் கண்டுபிடிக்கிறது லேசு," என்று அவருடைய மனைவி ராத்தா என்னிடம் சொன்னார். "எப்ப வாய மூடணும் எண்டு கண்டுபிடிக்கத்தான் இந்த மனுசனுக்கு ஏலாது."

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு நாள் பாடசாலை விட்ட கையோடு சரோஜா டீச்சர் வந்தார்.

டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வாய்க்கு மட்டும் பத்துக் கண். வரலாறு படிப்பிப்பவர். அவரிடம் பிரெய்ல் காட்டும் கருவி ஒன்று இருந்தது. முழ நீளப் பட்டை, அதில் வரிசையாகச் சின்னச் சின்ன முனைகள். கணினியில் உள்ள எழுத்து அந்த முனைகளாக எழும்பி நிற்கும், டீச்சர் விரலால் வாசிப்பார். தட்டி எழுதவும் அதிலேயே விசைகள். யாரோ வெளிநாட்டில் பாவித்து அனுப்பியது. செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. கேர்னலில் இருக்கும் டிரைவர் ஒன்றுதான் அதற்கு உயிர். டீச்சர் தன் லெப்டொப்பைப் புதுப்பித்தார், பட்டை செத்துப்போனது.

"இன்னும் ஆறு கிழமையில அதிபர் பதவிக்குப் போட்டிப் பரீட்சை நானா," என்றார் டீச்சர். "வினாத்தாளப் பென் டிரைவில தாறோம், சொந்த மெசின்ல எழுதுங்கனு கடிதம் வாங்கி வச்சிருக்கேன். அந்தக் கடிதத்துக்கே ரெண்டு வருசம் அலைஞ்சேன். இது வேல செய்யலைன்னா பக்கத்துல ஒருத்தர உக்கார வச்சு, நான் வாயால சொல்ல அவர் எழுதணும்."

"அப்படி எழுதினா ஆகாதா டீச்சர்?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"போன தடவ அப்படித்தான் எழுதினேன். வாசிச்சுக் காட்ட வந்த பொண்ணு பாதிக் கேள்விய முழுங்கிட்டா. நான் சொன்னதுல எத எழுதினாளோ, அது அவளுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். ஃபெயில். நான் ஃபெயிலா, அவ ஃபெயிலா? இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

பாதி நானா அதற்கு ஆறுதல் சொல்லவில்லை. பட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "கடைசியா எப்ப நல்லா இருந்திச்சு?"

பழைய கேர்னல் நல்லது, புதிய கேர்னல் கெட்டது. இரண்டுக்கும் நடுவே உலகத்தின் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் செய்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட திருத்தங்கள். அதில் ஒன்றுதான் கள்ளன். பாதியாக்கிப் பாதியாக்கிப் போனால் பதினாலு சோதனையில் பிடித்துவிடலாம் என்றார். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கேர்னலைப் புதிதாகக் கட்ட வேண்டும். அவருடைய லெப்டொப்பில் அதற்கு ஒரு முழுநாள். என் கடைக் கணினி கொஞ்சம் வேகமானது என்பதைக் கண்டுபிடித்ததும், சுவருக்கு இந்தப் பக்கம் குடிவந்துவிட்டார். மின்விசிறி கதறுகிற கதறலில், போட்டோகொப்பிக்கு வந்த ஓர் அம்மா கேட்டே விட்டார்: "என்ன தம்பி, உள்ள மிளகு அரைக்கிறீங்களா?"

காலையில் கேர்னல் கட்டுவார். இரண்டரை மணிக்கு டீச்சர் வருவார். டீச்சரின் லெப்டொப்பில் அதை ஏற்றி, பட்டையைக் கொளுவுவார்கள். டீச்சர் விரலை வைப்பார். "கெட்டது." நானா கொப்பியில் குறிப்பார். மறுநாள் மறுபடி. "கெட்டது." ஏழு நாள் ஒரே தீர்ப்பு. ஒவ்வொரு 'கெட்டது'க்கும் கள்ளன் இன்னும் பழைய பாதிக்குப் பின்வாங்கினான்.

ஏழாம் நாள் நானா தாடியைச் சொறிந்தார். "இந்தக் கணக்குப்படி பாத்தா, டீச்சர், ஒங்கட மெசின் ஆதம் நபி காலத்துலேயே கெட்டுப்போயீக்கி."

"அப்ப போன மாசம் வரைக்கும் நான் எதுல வாசிச்சேன், ஆலமரத்து இலையிலயா?" என்றார் டீச்சர். "நானும் ஏழு நாளாப் பாக்குறேன். ஒரே நடுக்கம். தாளம்கூட மாறல்ல. உண்மையச் சொல்லுங்க, நீங்க ஏதாச்சும் மாத்துறீங்களா இல்லையா?"

"நடுக்கமா? கொம்பியூட்டர் எழுதி வெக்கிற லொக்குல 'மெசின் பதில் செல்லல்ல' எண்டுதானே ஈக்கி. செத்த மெசின் எப்படி நடுங்கும்?"

"உங்க லொக்குக்கு விரல் இருக்கா? முனைங்க எழும்பப் பாக்குது, உடனே விழுந்துருது. எழும்புது, விழுந்துருது."

நானா லெப்டொப்பைத் தன் பக்கம் இழுத்து, எந்தக் கேர்னல் ஓடுகிறது என்று தட்டிப் பார்த்தார். கணினி எழும்பும்போது எந்தக் கேர்னலை எடுப்பது என்று ஒரு பட்டியல் வருமாம். நானா அதில் புதிதாகக் கட்டியதைத் தெரிவு செய்யவே இல்லை. கணினி ஏழு நாளும் தன்பாட்டில் புதுப்பித்தபோது வந்த அந்தக் கெட்ட கேர்னலையே எடுத்துக்கொண்டிருந்தது. ஏழு நாள் கட்டியவை எல்லாம் கட்டிய இடத்திலேயே கிடந்தன. ஊரெல்லாம் பிழை பிடித்த மனிதர் தன் தலையில் தானே குட்டிக்கொண்ட சத்தம் என் கடைக் கண்ணாடியில் எதிரொலித்தது.

மறுநாள் அவர் கடை திறக்கவில்லை. டீச்சர் இரண்டரைக்கு வந்து, பூட்டுப் போட்டிருப்பதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"வெக்கப்பட்டுக்கிட்டு வீட்ல இருக்காரா? போன் போட்டுச் சொல்லுங்க. பிழையே விடாத ஆளுங்ககிட்ட நான் மெசினக் குடுக்குறதில்ல. அவங்க பிழைய ஒத்துக்கவே மாட்டாங்க."

நான் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் த்ரீவீலில் வந்து இறங்கினார். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். டீச்சருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

சோதனையை முதலிலிருந்து தொடங்கினார். பிறகு ஓட்டம்தான். கெட்டது, நல்லது, கெட்டது, நல்லது, நல்லது. முதல் தடவை முனைகள் எழும்பி நின்றபோது டீச்சர் வாசித்தது நானா எழுதி வைத்திருந்த வரி: "இத வாசிக்க ஏலும் எண்டா எனக்கொரு பிளேன் டீ." டீச்சர் வாய்விட்டுச் சிரித்து, டீக்குச் சொல்லியும் அனுப்பினார். பதினாலாவது சோதனையில் கள்ளன் அகப்பட்டான். எங்கோ ஒருவர் கணினி விரைவாக எழும்ப வேண்டும் என்று நல்லெண்ணத்தில் செய்த வேலை. முன்பெல்லாம் கேர்னல் ஒரு கருவியைத் தட்டி எழுப்பினால், அது கண்விழிக்கும்வரை சற்றுப் பொறுக்கும். இப்போது தட்டுகிறது, பதில் இல்லை, உடனே திரும்பத் தட்டுகிறது. டீச்சரின் பட்டை வயதான பட்டை. எழும்பப் போகும்போதெல்லாம் இன்னொரு தட்டு. அதுதான் அந்த நடுக்கம்.

"பொறுத்தார் பூமியாள்வார்னு உங்க கங்காணிக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையா நானா?" என்றார் டீச்சர்.

டீச்சரின் லெப்டொப் அன்றே சரியாகிவிட்டது. ஆனால் அடுத்த தடவை புதுப்பித்தால் பழையபடி செத்துவிடும். அதனால் மூலத்திலேயே திருத்த வேண்டும் என்று நானா 'பெட்ச்' என்கிற திருத்தத்தை எழுதி, கேர்னல்காரர்களின் மடல் குழுவுக்கு அனுப்பினார். எல்லாக் கருவிகளுக்கும் பழையபடி பொறுக்கச் சொல்லி எழுதியிருந்தார். மறுநாள் பதில் வந்தது. ஒரு கிழட்டுக் கருவிக்காக உலகத்துக் கணினிகள் எல்லாம் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். நானா அதை அச்செடுத்துத் தெருவெல்லாம் காட்டினார். "பாருங்கோ, வெளிநாட்டுல ஈக்கிற பெரிய ஆள் எனக்கு ஏசியீக்கார்!" முகத்தில் ஹஜ்ஜுக்குப் போய்வந்த களை. த்ரீவீல் தம்பிமார் விஷயம் விளங்காமல், "எங்க இருக்கான் நானா அவன்? நாங்க வந்து பேசவா?" என்று கேட்டார்கள்.

பொறுமை தேவைப்படும் கருவிகளுக்கென்றே கேர்னலுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறதாம். உலகத்துச் சோம்பேறிகள் எல்லாம் பெயர் பதிந்து வைத்திருக்கும் பட்டியல். அதில் பட்டையின் இலக்கத்தைச் சேர்த்தால் போதும் என்றார்கள். நானா பட்டியலின் கடைசியில் சேர்த்தார். இல்லை, வரிசைப்படி சேர் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை எடுத்துக்கொண்டார்கள். இத்தனை கிழமை கூத்துக்கும் மிஞ்சியது ஒரே ஒரு வரி.

அதை அனுப்புமுன் நானா டீச்சரிடம் கேட்டார். "ஒங்கட பேரக் கீழ போடணும். சோதிச்ச ஆள்ட பேர் வரணும், அதுதான் அங்க ஒழுங்கு. கேக்காமப் போடக்கூடா."

"சும்மா தொட்டுப் பாத்ததுக்கா?"

"தொட்டுப் பாத்தது நீங்க மட்டும்தானே டீச்சர். மத்தவன் எல்லாம் லொக்கத்தானே பாத்தான்."

டீச்சர் பட்டையின் முனைகளை ஒருமுறை விரலால் தடவினார். பிறகு தன் முழுப்பெயரை எழுத்தெழுத்தாக, ஆங்கிலத்தில், பிழையில்லாமல் சொன்னார்.

பரீட்சை நாள் வந்தது. டீச்சர் உள்ளே போய்ப் பத்து நிமிடம் கழித்து நான் எதேச்சையாக அந்தப் பக்கம் போனேன். பரீட்சை நடந்த பாடசாலையின் கேட்டுக்கு எதிரே மதிலில் பாதி நானா உட்கார்ந்திருந்தார். மடியில் இன்னொரு லெப்டொப், தோளில் மூன்று கேபிள், சட்டைப் பையில் நாலு பென் டிரைவ். வெயில் மண்டையைப் பிளந்தது.

"நானா, எல்லாம் சரிதானே? பிறகென்ன இங்க?"

"ஒரு வரிதானே தம்பி. அதுவும் நான் எழுதின வரி. எனக்கு அதுல நம்பிக்க இல்ல."

நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணித்தியாலம். டீ குடிக்கக்கூட எழும்பவில்லை. உள்ளே யார் இருமினாலும் பாதி எழும்பி நின்றார். காவலாளி இரண்டு தடவை வந்து, யார் நீங்கள் என்று சிங்களத்தில் விசாரித்துவிட்டுப் போனார். கடைசியில் டீச்சர் வெள்ளைப் பிரம்போடு வெளியே வந்தார். நானா ஓடினார். பரீட்சை எப்படி என்று கேட்கவில்லை.

"மெசின் நிண்டிச்சா டீச்சர்?"

"ஒரு கேள்விய அப்படியே விட்டுட்டேன் நானா."

நானாவின் முகம் செத்துப்போயிற்று. "யா அல்லாஹ்... எந்த எடத்துல நிண்டிச்சு?"

"மெசின் எங்க நின்னுச்சு? அது கடைசி வரைக்கும் குதிர மாதிரி ஓடிச்சு. எனக்குப் பதில் தெரியல்ல. அவ்வளவுதான். அந்தக் கேள்வி என்னோட பிழை." சொல்லும்போது டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். "முழுக்க முழுக்க என்னோட பிழை நானா."

"பதில் தெரியாம விட்டாங்களாம்!" என்று நானா மதிலைத் தட்டிக் கத்தினார். "கேட்டீங்களா தம்பி? டீச்சருக்குப் பதில் தெரியாதாம்! மாஷா அல்லாஹ்!" காவலாளிக்கும் சிங்களத்தில் சொன்னார். போகிற வருகிற த்ரீவீலை எல்லாம் மறித்துச் சொன்னார். பிறகு கேபிள் மூன்றையும் சுருட்டிப் பைக்குள் வைத்து, கண்ணைச் சட்டைக் கையால் துடைத்தார்.

மூன்று மணித்தியாலம் வெயிலில் காத்திருந்து, கடைசியில் தன் உதவி யாருக்குமே தேவைப்படவில்லை என்பதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, இன்றுவரையும் பார்க்கவில்லை.