பெரட்டு அக்காவின் மூன்றாவது குரல்

மாத்தளை மாவட்டம் முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், பெற்ற பிள்ளைகளுக்குத் தினமும் பெரட்டு எடுத்த தாய் வேறொருத்தி கிடைக்கமாட்டாள். தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுப்பார்களே, அதுதான் பெரட்டு. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து மாத்தளை டவுனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அக்கா, கொழுந்துக் கூடையை அங்கேயே விட்டுவிட்டாள். பெரட்டை மட்டும் கையோடு கொண்டு வந்துவிட்டாள். அவளுடைய மேல்மாடி அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

கணவர் கட்டாரில். வருஷத்துக்கு ஒரு லீவு, லீவுக்கு ஒரு பிள்ளை. தனுஷன் தவழ்ந்து முடிப்பதற்குள் தினுஷன், தினுஷன் நிமிர்வதற்குள் தர்ஷிகா. மூன்றும் ஒரே உயரம், ஒரே முகம். பேன் தொல்லை என்று மூன்று தலைக்கும் அக்காவே ஒட்ட வெட்டிவிடுவாள். ஒரே துணியில் மூன்று சட்டை. கோபத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் "தனு... தினு... தர்... ஏய், நீதான்!" என்று நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஆகவே பெயரையே கைவிட்டுவிட்டாள்.

"பெரட்டு!" என்பாள். "ஒண்ணு!" "ரெண்டு!" என்று குரல் வரும். கடைசியாகச் சின்னவள், "மூணு நானு!" என்பாள். வெறும் மூணு அவளுக்குப் போதாது. தான்தான் அது என்று உறுதிப்படுத்தியாக வேண்டும்.

அந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது. மாடிப்படியின் அடியில் ஒன்று நிற்கும். ஏறிப்போனால் மேலேயும் அதுவே நிற்கும். முச்சந்திக் கடை நானா ஒருநாள் படபடத்துக்கொண்டு வந்தார். "மிஸ், இப்ப தான் ஒரு புள்ள டொபி வாங்கிட்டுப் போச்சு. திரும்பிப் பாத்தா அதே புள்ள டொபி கேட்டு நிக்குது. அதை அனுப்பிட்டுத் திரும்பினா மறுபடியும் நிக்குது! யா அல்லாஹ், நான் கடையைச் சாத்திட்டேன்."

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். சிரிக்க முடியாததும் ஒன்று நடந்தது. இடைவேளையில் பள்ளி மைதானத்தில் தினுஷன் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். நான்தான் மருந்து போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வாசலில் தர்ஷிகா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். காயம் ஏதுமில்லை.

"எப்ப இருந்து அழுவுறா அக்கா?"

"இடைவேளைல இருந்து" என்றாள் அக்கா, தேங்காய் துருவியபடி. "மூணும் அப்படித்தான் மிஸ். ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வரும்."

பௌர்ணமிப் போயா லீவொன்றில் தெருக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்து ரிவர்ஸ்டன் மலைக்குப் போனோம். சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்வரை நல்ல வெயில். கை கழுவித் திரும்புவதற்குள் வெள்ளைப் பனியாய்ப் புகார் மூடிவிட்டது. பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியவில்லை. புல்வெளியின் ஓரத்தில் வேலி கிடையாது, பள்ளத்தாக்குதான். டிரைவர் ஹோர்னை அடித்து, "யமு அக்கே, யமு! போகலாம்!" என்று கத்தினார். தட்டுத்தடுமாறி எல்லோரும் வேனுக்கு வந்தோம்.

அக்கா புகாரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பெரட்டு!"

"ஒண்ணு!" வேனுக்குள்ளிருந்து.

"ரெண்டு!" அதற்குப் பக்கத்திலிருந்து.

"மூணு." அது வேனுக்குப் பின்னாலிருந்து வந்தது. தெளிவான, மெல்லிய குரல்.

"எல்லாம் வந்திருச்சு, ஏறுங்க ஏறுங்க" என்றார் கடை நானா. அக்கா ஏறவில்லை. கதவைப் பிடித்தபடி புகாரையே பார்த்தாள்.

"அது என் புள்ள இல்ல."

"என்ன தங்கச்சி சொல்றீங்க? பதில் சொல்லிச்சே!"

"என் புள்ள 'மூணு நானு'ன்னு சொல்லும் நானா. இது வெறும் மூணு."

நான் வேனுக்குப் பின்னால் ஓடிப் பார்த்தேன். யாருமில்லை. நனைந்த புல் மட்டும். அக்கா அதற்குள் புகாருக்குள் இறங்கிவிட்டாள். அவள் போன பக்கம் பள்ளத்தாக்கு. "தர்ஷிகா!" என்று அவள் முழுப்பெயரைத் தப்பாமல் சொல்லிக் கூப்பிட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். வேனுக்குள்ளே இரண்டு பையன்களும் ஒரே சமயத்தில் அழத் தொடங்கினார்கள். பிறகு, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள்.

அந்த நொடியில்தான் அக்கா அவளைக் கண்டுபிடித்திருக்கிறாள். விளிம்பிலிருந்து ஓரெட்டுத் தூரத்தில், பேசாமல், யாருடைய கையையோ பிடித்திருப்பதுபோல ஒரு கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். இடுப்பில் தூக்கி வந்தவளைச் சுற்றி நின்றோம்.

"அம்மா கூப்பிட்டாங்களே, ஏன் பதில் சொல்லல?" என்றேன்.

"அந்த அக்கா தான், 'நீ பேசாம இரு, நான் சொல்றேன்'னாங்க மிஸ்."

"எந்த அக்கா?"

பிள்ளை புகாரைக் காட்டியது. டிரைவர் ஸ்டார்ட் பண்ணிவிட்டார். கடை நானா ஓதத் தொடங்கினார். அக்காவோ மகளை என் மடியில் போட்டுவிட்டு, மிஞ்சியிருந்த சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள்! அதை ஒரு கல்லின்மேல் வைத்து, புகாரைப் பார்த்து அதட்டினாள்.

"சாப்புட்டு வீட்டுக்குப் போ. உங்கம்மா தேடுவா. இனி அடுத்தவ புள்ளை எடத்துல பேசக் கூடாது, சரியா?"

மூன்று பிள்ளைகளையும் கண்டிக்கிற அதே குரல். புகாருக்குள்ளிருந்து பதில் வரவில்லை. வந்திருந்தால் நாங்கள் வேனை விட்டுவிட்டு ஓடியே மாத்தளைக்கு வந்து சேர்ந்திருப்போம்.

"பயமா இல்லையா அக்கா?" என்று வழியில் கேட்டேன்.

"பயந்தான். ஆனா சின்னக் குரல் மிஸ். யாரும் கணக்கெடுக்காத புள்ளை போல."

மறுநாள் மாலை கீழே பெரட்டு நடந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு நானு. நாலாவதாக ஒன்று வந்துவிடுமோ என்று படிவரை போய்க் காது கொடுத்தேன். மாடிப்படியின் அடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மிஸ், நீங்க?"

"இருக்கேன் அக்கா" என்றேன்.

"அப்ப சரி. ரொட்டி சூடா இருக்கு, வாங்க."

இப்போது கண்டியில் வேறொரு வாடகை அறை. நான் வந்து சேர்ந்தேனா இல்லையா என்று இங்கே கேட்பவர் எவருமில்லை. வெளியே புகார் இறங்கும் மாலைகளில் மாத்தளைக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்து, "வந்துட்டேன் அக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.