சந்தனம் வைத்த சீரியல் கார்டு

நான் எழுத்தாளர் இல்லை. தையல் கடையில் வேலை பார்ப்பவள். பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதில் மிக நீளமானது ஒரு விடுப்புக் கடிதம். அப்படிப்பட்டவள் கட்டுரை எழுத வந்ததற்கு, எழுதத் தெரிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். (இந்த ஒரு மன்னிப்புதான். வேறு எதற்கும் கேட்கப் போவதில்லை.) எங்கள் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் சாப்பாட்டு மேசைக்கு இந்தக் கதை வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் என்னை இன்னும் கொஞ்சம் முட்டாளாக்கிச் சொல்கிறார்கள். எதிரே உட்கார்ந்து மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கடை சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. ரவிக்கை தைத்து, அதில் கணினி எம்ப்ராய்டரி போட்டுக் கொடுக்கிறோம். முன்னால் கவுண்டர். முதலாளி பூமா அக்கா அங்கே நின்று வாடிக்கையாளர்களிடம் பேசுவார். பலகைத் தடுப்புக்குப் பின்னால் எம்ப்ராய்டரி மெஷின், ஒரு பழைய கணினி, நான். கணினியிலிருந்து ஒரு தடித்த கேபிள் வழியாக மயில், மாங்காய், தாமரை எல்லாம் மெஷினுக்குப் போகும். மெஷின் அதைத் துணியில் தைக்கும். நூல் அறுந்தால் நான் கோத்துவிடுவேன். நாள் முழுக்க யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை.

ஒரு திங்கட்கிழமை, மயில் பாதியில் நின்றுவிட்டது. கணினியின் பின்னால் கேபிளைச் செருகும் இடத்துக்கு சீரியல் போர்ட் என்று பெயர். (இரவு எட்டு மணிக்கு வந்து அழவைக்கும் சீரியல் இல்லை. இதுவும் அழவைத்தது என்பது வேறு விஷயம்.) அது செத்துப்போயிருந்தது. இப்போது வரும் கணினிகளில் அந்தப் போர்ட்டே கிடையாது. எங்கள் மெஷினுக்கோ அதைத் தவிர வேறு வழி தெரியாது.

பூமா அக்கா வந்து பார்த்தார்.

"போதும் செல்வி. ரெண்டுக்கும் வயசாயிடுச்சு. சனிக்கிழமை கரங்குனிக்காரர் பழைய சாமான் எடுக்க வர்றார். இதையும் தூக்கிக் கொடுத்துடலாம். எம்ப்ராய்டரிய வெளியில போட்டு வாங்கிக்கலாம்."

"அப்ப நான்க்கா?"

"உன்ன விட்டுடுவேனா? முன்னாடி கவுண்டர்ல நில்லு. எனக்கும் கால் வலிக்குது."

வேலையை விட்டு நிறுத்தியிருந்தால்கூட அவ்வளவு ஆடிப்போயிருக்க மாட்டேன். மின்தூக்கியில் தெரிந்த முகம் இருந்தால் அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருப்பவள் நான். கோப்பிக்கடையில் பாலில்லாத கோப்பி ஓ கேட்டு, பால் தேநீரான தே தாரே வந்தால் பேசாமல் தே தாரே குடித்துவிட்டு வருபவள். என்னைக் கொண்டுபோய்க் கவுண்டரில் நிறுத்தினால் கேட்பவர்களுக்கெல்லாம் துணியைச் சும்மா கொடுத்து அனுப்பிவிடுவேன்.

என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறார். அன்று தெம்பனிஸ் வீட்டில் சோறு இறங்காமல் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கூட வேலை செய்பவர் ஒருவரிடம் கேட்டுச் சொன்னார்.

"கம்ப்யூட்டருக்கு உள்ள மாட்டுற மாதிரி சீரியல் கார்டு தனியா விக்கிறாங்களாம்லா. அத மாட்டினா புது போர்ட் வந்துடும்."

மறுநாள் பூமா அக்காவிடம் சொன்னேன். ரோச்சோர் பக்கம் உள்ள ஒரு கணினிக் கடையில் அவரே போய் வாங்கி வந்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு. ஓடலன்னா சனிக்கிழமை போயிடும்" என்றார்.

கார்டு கை அகலம்தான் இருந்தது. ஒரு பக்கம் போர்ட், கீழ் விளிம்பில் வரிசையாகத் தங்க நிறத்தில் பற்கள். அந்தப் பற்கள் கணினிக்குள் இருக்கும் பள்ளத்தில் உட்கார வேண்டும். காணொளி பார்த்தேன். மின்சாரத்தைத் துண்டித்தேன். கையிலிருந்த வளையலைக் கழற்றினேன். திருகுகளை ஒரு மூடியில் பத்திரமாகப் போட்டேன். இதையெல்லாம் குடும்பத்தில் யாரும் சொல்வதில்லை. கவனியுங்கள்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும் சந்தனம், குங்குமம் வைத்துத்தான் எடுத்துப் பயன்படுத்துவோம். தையல் மெஷினுக்கு வைத்தோம், மின்விசிறிக்கு வைத்தோம், வங்கி அட்டை தேய்த்துப் பணம் வாங்கும் கருவிக்குக்கூட வைத்தோம். வைப்பது என் பொறுப்பு. இந்தக் கார்டில் எங்கே வைப்பது? மேலே முழுக்கச் சின்னச் சின்ன கறுப்புப் பூச்சிகள் மாதிரி என்னென்னவோ ஒட்டியிருந்தன. சுத்தமாக, வழவழப்பாக இருந்தவை அந்தத் தங்கப் பற்கள்தான். பார்க்கவும் லட்சணமாக இருந்தன. அங்கே வைத்தேன். இரண்டு பக்கமும்.

ஈரத்தோடு மாட்டினேனா? இல்லை. மின்சாரத்துக்கு ஈரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். நன்றாகக் காயும் வரை மின்விசிறிக்குக் கீழே வைத்திருந்தேன். நான் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை.

மாட்டினேன். கணினி கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை. கழற்றி மாட்டினேன். பக்கத்துப் பள்ளத்தில் மாட்டினேன். கணினி தொடங்கும்போது வரும் நீலத் திரைக்குள் போய், செத்த போர்ட்டை அணைத்துவிட்டு வந்தேன். கார்டோடு வந்த குறுவட்டைப் போட்டேன். கணினியோ, எந்தக் கார்டு, எங்கே கார்டு என்பதுபோல நின்றது. புதன் போனது, வியாழன் போனது. கண்ணை மூடினால் கவுண்டர் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் எனக்குள் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். கெட்டுப்போன கார்டை விற்றிருக்கிறான் என்று முடிவு செய்தேன்.

"வாங்கக்கா, போய்க் கேட்போம்" என்றேன்.

"யாரு, நீயா?" என்றார் பூமா அக்கா. வேடிக்கை பார்க்கவே கிளம்பி வந்தார் என்று நினைக்கிறேன்.

கணினிக் கடையில் கூட்டம். வரிசையை விலக்கிக்கொண்டு போய்க் கார்டை மேசையில் வைத்தேன். கடைக்காரர் என்னைவிட இளையவர், சீனர். ஆங்கிலத்தில்தான் சண்டை நடந்தது. இங்கே தமிழில் எழுதுவதால் நான் கொஞ்சம் நன்றாகப் பேசியதுபோலத் தெரியும். தெரியட்டும்.

"உழைச்சு சாப்பிடுறவங்கள ஏமாத்துறீங்களா? செத்த கார்ட வித்துட்டு இங்க சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. பணம் வேணாம். ஓடுற கார்டு வேணும். அது கைக்கு வர்ற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

வரிசையில் இருந்தவர்கள் எனக்கு வழி விட்டார்கள். ஒருவர் படம் பிடிக்கக் கைப்பேசியைக்கூடத் தூக்கினார். கடைக்காரர் கார்டை எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார்.

"ஆண்ட்டி, பசியாறிக்கிட்டே மாட்டினீங்களா? ரொட்டியில தடவுற காயா ஜாம் ஒட்டியிருக்கு."

பூமா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி, "அது காயா ஜாம் இல்ல, சந்தனம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அடிப்பாவி, பல்லுலயா வச்ச?" என்றார்.

சந்தனம் என்றால் என்ன, எதற்கு வைப்பார்கள் என்று வரிசையில் நின்ற ஒரு தமிழ்ப் பையன் எல்லாருக்கும் விளக்கினான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே விளக்கினான். அப்போது நான் தலையைக் குனிந்துகொண்டு ஓடியிருக்க வேண்டும். என் சுபாவம் அதுதான். ஆனால் ஆரம்பித்த வாய் நிற்கவில்லை. கல்லாக் கணினிக்குப் பக்கத்தில் அவர் வைத்திருந்த சின்னச் சாமி மாடத்தைக் காட்டினேன்.

"நீங்க மட்டும் அங்க ஆரஞ்சுப் பழம் வச்சிருக்கீங்க. நான் வைக்கக் கூடாதா?"

"நான் கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல வைக்கிறேன் ஆண்ட்டி. உள்ள வைக்கிறதில்ல."

கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"சரி, துடைச்சுக் கொடுங்க" என்றேன்.

பென்சில் ரப்பரால் பற்களைத் தேய்த்து, மின்சாரத்தை மறித்துக்கொண்டிருந்த சந்தனத்தை எடுத்துவிட்டு, தன் கணினியில் மாட்டிக் காட்டினார். உடனே தெரிந்தது. எங்கள் கடைக்குத் திரும்பி வந்து மாட்டினேன். கணினி அதற்கு மூன்றாம் எண் போர்ட் என்று பெயர் வைத்தது. எங்கள் எம்ப்ராய்டரி மென்பொருள் முதல் எண்ணை மட்டும்தான் தேடும் என்பதைக் கண்டுபிடித்து, மூன்றை ஒன்றாக மாற்றியது நான்தான். (இதையும் யாரும் சொல்வதில்லை.) அனுப்பினேன். மெஷின் தடதடவென்று மயிலை முழுசாகத் தைத்து முடித்தது. பூமா அக்கா கரங்குனிக்காரரைக் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொன்னார்.

ஆனால் அக்கா மயிலைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குள்ள இவ்வளவு வாய் இருக்குன்னு தெரியாமப் போச்சே செல்வி. இந்த மெஷின் அது பாட்டுக்கு ஓடுது. நூல் அறுந்தா அதுவே நின்னு கத்துது. நாளையிலேருந்து நீ முன்னாடி நில்லு."

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

இப்போது வீட்டில் புதுக் கைப்பேசி வாங்கினாலும் என் வீட்டுக்காரர், "சிம் போடுறேன், சந்தனம் எடுத்துட்டு வா" என்கிறார். என் நாத்தனார் புதிதாகச் சலவை இயந்திரம் வாங்கியபோது, எந்தப் பல்லில் வைப்பது என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். கேட்கட்டும். சந்தனம் வைத்த கார்டு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. சந்தனமே படாத பழைய போர்ட்தான் செத்தது. இனி ஒரு கார்டு வாங்கினாலும் வைப்பேன். திருகு போடும் தகட்டில் வைப்பேன், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை காலை நான் கவுண்டரில் நின்றேன். முதலில் வந்த பெண்மணி, ரவிக்கையின் கழுத்து இறக்கம் தவறு என்றார். அளந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அப்படியே சொன்னேன்.