அங்கீகரிக்கப்பட்ட முட்டையின் நான்காவது குதிப்பு

விஞ்ஞானம் இத்தனை தூரம் வளர்ந்ததற்கு விஞ்ஞானிகள்தான் காரணம் என்று பலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாவம். உண்மையான காரணம் எங்கள் பள்ளியின் 'செய்முறைப் பரிசோதனை வடிவமைப்புக் குழு'. அதன் செயலாளர் என்ற முறையிலும், இயற்பியல் ஆசிரியர் என்ற சற்றே சிறிய முறையிலும், இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

பாடத்திட்டத்தில் புதிதாக ஒரு பரிசோதனை வந்தது. காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாலத்திலிருந்து குதிக்கிறார்களே, பங்கி ஜம்பிங், அந்த இயக்கத்தை மாணவர்கள் ஆராய வேண்டுமாம். மாணவர்களைப் பாலத்திலிருந்து தள்ள விதிகளில் இடமில்லை. ஆகவே ஒரு முட்டையைக் காலுறைக்குள் போட்டு, ரப்பர் பேண்டுகளைச் சங்கிலியாகக் கோத்துக் கட்டி, நான்கு மீட்டர் உயர மாடிப்படியிலிருந்து விடுவது என்று முடிவாயிற்று. முட்டை தரைக்கு மிக அருகே போக வேண்டும். ஆனால் தொடக் கூடாது. எத்தனை ரப்பர் பேண்டு வேண்டும் என்பதுதான் கேள்வி.

விடை எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. மேலிடத்திலிருந்து வந்த மாதிரிப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் 'முப்பத்தாறு' என்று அச்சாகியிருந்தது. எங்கள் பள்ளியில் முடிவை முதலில் எழுதிவிட்டுத்தான் பரிசோதனையை ஆரம்பிப்போம். அதனால் இங்கே பரிசோதனைகள் தோற்பதே கிடையாது.

குழு மூன்று முறை கூடி, முட்டையின் நிறத்தை விவாதித்தது. ஆய்வக உதவியாளர் மட்டும் ஒரு யோசனை சொன்னார்.

"அவிச்ச முட்டையா போட்டுட்டா வம்பே இல்லையே சார்?"

தலைமையாசிரியர் முகம் சிவந்துவிட்டது. "ஏமாத்து வேலை எனக்குப் பிடிக்காது. விஞ்ஞானம்யா இது!"

இந்த நேர்மைக்கு நடுவில்தான் 'ஏன்சார்' வந்து சேர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. எதைக் கேட்டாலும் 'ஏன் சார்' என்றே ஆரம்பிப்பதால் ஆசிரியர் அறையில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. கல்லூரியில் இயற்பியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதற்குச் செய்முறையில் இருபதுக்கு இருபது தேவை. இருபதும் என் பேனாவில் இருந்தது.

"சார், முப்பத்தாறு தப்பு."

"ஏம்மா, மாதிரிப் பதிவேட்டையே தப்புங்கிறியா?"

"முதல் தடவை சரியா வருது சார். பத்து சென்டிமீட்டர் மேலேயே நின்னு திரும்பிடுது. ஆனா ஒவ்வொரு தடவை இழுபடும்போதும் ரப்பர் கொஞ்சம் தொய்ஞ்சு போகுது. நாலாவது தடவை முட்டை காலி. மறுபடி மறுபடி செஞ்சு பாத்தேன், எங்கம்மா இனிமே முட்டையைத் தொட்டா கையை ஒடிப்பேன்னுட்டாங்க. முப்பத்திநாலு போட்டா தாங்கும் சார். ஏன் சார், எத்தனாவது தடவைன்னு அதுல போடவே இல்ல?"

அளந்த எண்களையெல்லாம் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். அழகான கையெழுத்து.

அன்று சாயங்காலம் என் குடியிருப்பின் மாடிப்படியில் நானும் செய்து பார்த்தேன். முதல் மூன்று முறை முட்டை பிழைத்தது. நான்காவது முறை தரையில் மஞ்சள் கரு.

"என்னங்க இது கூத்து?" என்று கேட்டார் என் மனைவி.

"பதிவேடு சரிதான். முட்டைதான் தப்பு பண்ணுது" என்றேன்.

மறுநாள் ஏன்சாருக்கு இருபதுக்கு மூன்று போட்டேன். 'முடிவு ஏற்புடையதல்ல' என்று சிவப்பு மையில் எழுதினேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"நீங்க ஒரு தடவை செஞ்சு பாத்தீங்களா சார்?"

"தேவையே இல்லம்மா."

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் செயலாளர் வெட்கப்பட விதிகளில் இடமில்லை.

அடுத்த வாரம் அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. உடனே ஒத்திகை. எங்கள் பள்ளியில் ஒத்திகை பார்க்காமல் யாரும் தும்முவதுகூட இல்லை. மூன்று முறை முட்டையை விட்டோம், மூன்று முறை கைதட்டினோம்.

"சார், மொதல்ல பத்து சென்டி இருந்துச்சு, அப்புறம் ஆறு, இப்ப ரெண்டுதான்" என்று உதவியாளர் முணுமுணுத்தார்.

"பாத்தீங்களா! தடவைக்குத் தடவை முன்னேற்றம். இலக்கை நெருங்கிட்டோம்!" என்று பூரித்தார் தலைமையாசிரியர். "அந்தச் சங்கிலியை மட்டும் மாத்திடாதீங்க. ராசியான சங்கிலி."

நான்காவது முறை என்னவாகும் என்று அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி கடைசி வரிசையில் நோட்டை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். இன்னொருவர் செயலாளர். இரண்டு ரப்பர் பேண்டைக் கழற்றினால் போதும். ஆனால் கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். நான் கழற்றவில்லை.

அதிகாரி வந்தார். பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று தரையோரம் குனிந்தார். முட்டை குதித்தது. 'சளக்' என்று ஒரு சத்தம். அதிகாரியின் புதுக் காலணி பளபளத்தது. ஒத்திகையின்படி எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஏதாவது காகிதம் கொண்டாங்கய்யா, சீக்கிரம்!" என்று தலைமையாசிரியர் அலறினார்.

எனக்கு எட்டிய காகிதம், பக்கத்தில் வந்து நின்றிருந்த ஏன்சாரின் நோட்டில்தான் இருந்தது. கிழித்தேன். துடைத்தேன். பாதி துடைத்த பிறகுதான் அது எந்தப் பக்கம் என்று பார்த்தேன். மீதியையும் துடைத்தேன்.

அறிக்கையை நானே எழுதினேன்: 'முட்டை விதிகளின்படியே குதித்தது. தரைதான் எதிர்பார்த்ததைவிடச் சற்று உயரமாக இருந்தது.' மேலிடம் அப்படியே ஏற்றுக்கொண்டது. தரையைத் தாழ்த்துவது பற்றி ஆராய இன்னொரு குழு அமைத்திருக்கிறார்கள். அதற்கும் நான்தான் செயலாளர்.

அதற்கடுத்து ஊசல் பரிசோதனை. ஏன்சார் வந்தாள், உட்கார்ந்தாள், மாதிரிப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து முடிவை எழுதினாள். பத்தே நிமிடத்தில் நோட்டை நீட்டினாள்.

"ஊசலைத் தொடவே இல்லையேம்மா?"

"தேவையே இல்ல சார்."

இருபதுக்கு இருபது போட்டேன். இப்போது அவளை யாரும் ஏன்சார் என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடக் காரணமும் இல்லை. எங்கள் குழுவின் சரித்திரத்தில் முழு வெற்றி பெற்ற பரிசோதனை இது ஒன்றுதான். முட்டை உடைய நான்கு தடவை தேவைப்பட்டது. இவளுக்கு ஒரே தடவை போதுமாக இருந்தது. அதையும் ஒத்திகை பார்க்காமலே நான் செய்து முடித்தேன்.