கிழிந்த ஜவ்வை ஒப்படைப்பது தொடர்பாக

அரசாங்கப் பொருள் எது கிழிந்தாலும், எது உடைந்தாலும், பழசை ஒப்படைத்தால்தான் புதுசுக்கு எழுதுவார்கள். நல்ல விதிதான், குறை சொல்ல மாட்டேன். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊரில் நான் பால்வாடி டீச்சர். பாய் கிழிந்தால் கிழிந்த பாயைச் சுருட்டிக்கொண்டு கோவில்பட்டி ஆபீசுக்குப் பஸ் ஏறுவேன். ஒரு தடவை விளக்குமாறு தேய்ந்துபோய், மிச்சமிருந்த ஈர்க்கை எல்லாம் நூல் போட்டுக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளைகளுக்கும் என்னிடம் அதே சட்டம்தான். உடைந்த பலப்பத்தைக் காட்டாமல் புதுப் பலப்பம் கிடையாது. காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு என்று அழுகிற பிள்ளையிடம், காக்காவைக் கூட்டிட்டு வா என்பேன்.

விதிமேல் இவ்வளவு பக்தியாக இருந்த எனக்கு, 2003 மகளிர் தினத்தன்று முட்டி போனது.

பெண்களின் முன்னேற்றத்துக்காக அன்றைக்கு ஆபீஸ் மைதானத்தில் மியூசிக்கல் சேர் நடத்தினார்கள். பரிசு, ஒரு பிளாஸ்டிக் குடம். வீட்டில் குடம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் குழாயில் தண்ணி வருகிற லட்சணம் தெரிந்த எவளும் குடம் போதும் என்று சொல்ல மாட்டாள். கடைசி நாற்காலிக்கு நானும் எங்கள் சூப்பர்வைசர் அம்மாவும் மிச்சம். பாட்டு நின்றது. ஊன்றின காலை எடுக்காமல் நாற்காலிப் பக்கம் பாய்ந்தேன். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முட்டிக்குள் சேவு ஒடிந்த மாதிரி ஒரு சத்தம். மேலதிகாரியோடு நாற்காலிக்குப் போட்டி போட்டால் இப்படித்தான் ஆகும் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். குடம் அந்த அம்மாவுக்குப் போனது.

முட்டி பனங்காய் மாதிரி வீங்கியது. பாதி மடக்கினால் அங்கேயே பூட்டிக்கொண்டது. பால்வாடியில் எல்லா வேலையும் தரையில்தான், என்னால் தரையில் உட்கார முடியவில்லை. இடுப்புக்கு ஏறத் துடிக்கிற என் ஒரு வயசு மகளைக் குனிந்து தூக்க முடியவில்லை. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் இசக்கிராஜா, தைலம் தேய்த்தே குணப்படுத்திவிடுவதாகச் சொல்லி, கடைசியில் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார். ஸ்கேன் எடுத்தார்கள்.

"உள்ளே ஜவ்வு கிழிஞ்சிருக்கும்மா. சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுத் தைச்சிரலாம். தள்ளிப்போட்டா தைக்க முடியாது, வெட்டித்தான் எடுக்கணும்" என்றார் டாக்டர்.

அந்த ஸ்கேன் படத்தை ஊரே வந்து வெயிலில் தூக்கிப்பிடித்துப் பார்த்தது. அதிலிருந்து எங்கள் தெருவில் முட்டிவலி என்ற பேச்சே ஒழிந்தது. எல்லோருக்கும் ஜவ்வுதான். நானும் வாசலில் காலை நீட்டி, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிப் பெரிய மனுஷியாக இருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து பல வாரம் காலை மடக்கக் கூடாது. அதற்கு லீவு வேண்டும். சொல்லாமல் நின்றால் வேலையில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ஆபீஸ் கிளார்க் பெருமாள்சாமி சாரைப் போய்ப் பார்த்தேன். டூட்டி நேரமா, ஆபீஸ் இடமா, ஆபீஸ் நாற்காலியா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமா சொன்னேன்.

"அப்போ இது ஆபீஸ் சேதாரம். கிழிஞ்சதை ஒப்படைச்சாத்தான் லீவு."

"அது முட்டிக்குள்ள இருக்கு சார்."

"ஆபரேஷன் பண்ணினா வெளிய வரும்லா?"

அவர் கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது. அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஒப்படைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஆளே இல்லை, மேலே முழு நினைவு. பக்கத்து டி.வி.யில் என் முட்டியின் உள்பக்கம், தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. முடிந்தது என்றதும் கையை நீட்டினேன்.

"கிழிஞ்ச துண்டைக் குடுங்க சார். ஆபீஸ்ல கேப்பாக."

"துண்டே எடுக்கலையேம்மா. அழகா தைச்சாச்சு. சந்தோஷப்படுங்க."

"ஓரத்துல கொஞ்சம் வெட்டியாச்சும் குடுங்க சார்" என்றேன். மருந்து தலைக்கு ஏறிவிட்டதா பார் என்று அவர் நர்சிடம் சொன்னார்.

சேதி சொல்ல இசக்கிராஜா ஆபீசுக்குப் போனார். துண்டு இல்லையென்றால் கிழியவில்லை என்றே கொள்ளப்படும் என்றாராம் பெருமாள்சாமி சார். கிழியாத ஜவ்வுக்கு ஆபரேஷன் எதற்கு, லீவு எதற்கு? கிழிந்ததைத் தைத்தாகிவிட்டது என்று இவர் சொல்ல, "தைச்சாச்சுன்னா பழுது தீந்துபோச்சே அண்ணாச்சி. திங்கக்கிழமை டூட்டிக்கு வரச் சொல்லுங்க" என்று ஃபைலை மூடிவிட்டார்.

திங்கட்கிழமை போய்த் தரையில் உட்கார்ந்தால் தையல் பிரிந்துவிடும். உட்காராவிட்டால் வேலை போய்விடும். கட்டுப்போட்ட காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு இரண்டுபேரும் யோசித்தோம். மறுநாள் காலை இசக்கிராஜா அல்லாபிச்சை பாய் கறிக்கடைக்குப் போய், ஆட்டு முட்டி ஜவ்வு ஒன்று வேண்டும் என்றார்.

"சூப்புக்கா?"

"ஆபீசுக்கு, பாய்."

பாய் உடனே ஒன்றை அறுத்துக் கொடுத்தார். அவரும் ஆபீசுக்கு அலைந்தவர்தான்.

ஊறுகாய் பாட்டிலில் உப்புத்தண்ணி ஊற்றி அதைப் போட்டு இசக்கிராஜாவிடம் கொடுத்துவிட்டேன். பெருமாள்சாமி சார் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "நல்ல தரமான ஜவ்வு. ஜாக்கிரதையா வச்சிருந்தா இன்னும் பத்து வருஷம் உழைச்சிருக்கும். உங்க வீட்டம்மாவுக்குப் பொறுப்பு பத்தாது" என்று சொல்லி முத்திரை குத்தினாராம். லீவு கிடைத்தது.

தையல் கூடியது. கால் மெல்ல மடங்கியது. மகள் பழையபடி இடுப்புக்கு ஏறினாள். நான் வேலைக்குத் திரும்பின வாரம் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. புதிய ஜவ்வு தற்சமயம் இருப்பில் இல்லாதபடியால், ஒப்படைத்த பழைய ஜவ்வையே திரும்பப் பெற்று, மறு உத்தரவு வரும்வரை சிக்கனமாகப் பயன்படுத்திக்கொள்ளவும்.

போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தேன். பால்வாடி அலமாரியில் இருக்கிறது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் பாட்டிலைப் பார்த்துச் சரி என்று டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள்.

அப்புறம் ஒரு நாள் முத்துத்தாய் தன் மகனை இழுத்துக்கொண்டு வந்தாள். அடுத்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ் போகவேண்டிய பிள்ளை.

"டீச்சர், நேத்து இங்கன விழுந்தான்லா, ஆடிக்கிட்டிருந்த பல்லு வீட்டுல வந்து விழுந்திருச்சு."

ஐயோ, வலிக்குதாலே என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"பல்லு எங்கட்டி?"

முத்துத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து, காகிதத்தில் மடித்த பல்லை என் கையில் வைத்தாள்.

"நீங்க கேப்பியன்னு தெரியும் டீச்சர். சாணியில உருட்டி ஓட்டுமேல போடணும்னு எங்க அத்தை ஒரே பிடிவாதம். ரசீது வாங்காம எப்படிப் போடன்னு நாந்தான் தடுத்துட்டேன்."

பாட்டிலுக்குப் பக்கத்தில் பல்லை வைத்து, ஆபீசுக்கு முறைப்படி எழுதிப்போட்டேன். பதில் வருவதற்குள் பையனுக்குப் புதுப் பல் முளைத்துவிட்டது. அதையும் எழுதினேன். எழுதாமல் இருந்திருக்கலாம். இருப்பில் இல்லாத பல், உரிய அனுமதியின்றி முளைத்தது எப்படி என்று இப்போது விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

விளக்கம் எழுதத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். முட்டி அருமையாக மடங்குகிறது. அதை மட்டும் எழுதவில்லை.