கிணற்றடிக் கொல்லையில் ஓட்ஸ்

வத்தல்மலையில் குளிர் இறங்கினால் தர்மனுக்கு ஒரு தீர்மானம் பிறக்கும். இந்த ஆண்டுத் தீர்மானம் ஓட்ஸ்.

காரணம் இல்லாமல் இல்லை. வெயில் காலத்தில் ஆள் உயரம் வளரும் தீவனப்புல், ஐப்பசி பிறந்ததும் முழங்காலோடு நின்றுவிடும். பிறகு மாட்டுக்கு வைக்கோலும் கடைத் தீவனமும்தான். ஓட்ஸ் குளிரில்தான் நன்றாக வளரும் என்று நல்லம்பள்ளியில் ஒரு பயிற்சியில் சொன்னார்கள். தர்மன் விதை மூட்டையோடு மலையேறி வந்தான்.

"கெணத்தடிக் கொல்லையில போடப் போறேன்."

அவன் மனைவி வெண்மதி முறத்தைக் கீழே வைத்தாள். கிணற்றடிக் கொல்லை அவள் பீன்ஸ் போடும் இடம்.

"ஓட்ஸுன்னா, சக்கரை வந்தவங்க கஞ்சி காச்சிக் குடிப்பாங்களே, அதுங்களா?"

"அதேதான். மாட்டுக்குப் பச்சையா அறுத்துப் போடணும்."

"நம்ம மாட்டுக்குச் சக்கரை இல்லீங்களே."

"பால் ஏறும், வெண்மதி. வேணும்னா பந்தயம். தை முடியறதுக்குள்ள கேன்ல பால் ஏறலைன்னா கொல்லை உனக்கு. ஏறுச்சுன்னா அது தீவனக் கொல்லை. அப்பறம் பீன்ஸ் பேச்சே எடுக்கக் கூடாது."

"கேன்லதான பாக்கணும்?"

"கேன்லதான்."

"சரிங்க."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. தன் பேச்சுத் திறமை என்று தர்மன் எடுத்துக்கொண்டான்.

அந்த மாடு வெண்மதியின் தாய்வீட்டுச் சீர். பால் வீட்டுக்கு, ஈனுகிற கன்று வெண்மதிக்கு என்று கல்யாணத்தின்போதே பேசி வைத்திருந்தார்கள். இப்போது அதற்கு ஒரு கிடாரிக் கன்று இருந்தது. கறப்பது அவள். கேனை வண்டியில் மாட்டிக்கொண்டு போய்ப் பால் சங்கத்தில் ஊற்றுவது அவன். மடியில் கை வைத்த பழக்கம் அவனுக்குக் கிடையாது.

ஓட்ஸ் அவன் மானத்தைக் காப்பாற்றியது. மார்கழிப் பனியில் மற்றதெல்லாம் சுருண்டு கிடக்க, அது மட்டும் கருகருவென்று எழுந்தது. தண்டு முற்றுவதற்கு முன்பே அறுத்தான். அரை நாள் வாட்டினான். பொடியாக நறுக்கி, காராமணிக் கொடியையும் கலந்து போட்டான். மாடு தொட்டியை நக்கித் துடைத்தது.

பால் மட்டும் ஏறவில்லை.

"நேத்து மாதிரியேதாங்க," என்றார் பால் அளக்கும் மாயவன்.

"நல்லாப் பாருங்க. நுரை அடங்கட்டும்."

"நுரை அடங்குனா கொறையுங்க, ஏறாது."

தர்மன் மாட்டின் எதிரில் உட்கார்ந்து அது அசைபோடுவதைப் பார்த்தான். தின்றதெல்லாம் எங்கேதான் போகிறது? கறக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தான். மாடு காலை உதறியது.

"தள்ளிப் போங்க. ஆம்பளை நின்னா அதுக்குப் பயம். பாலை அடக்கிக்கும்."

அவன் தள்ளிப் போனான். எரிச்சலில் இன்னும் ஒரு கட்டு அறுத்தான். குறுக்கே துள்ளி வந்து முட்டிய கன்றையும் அவனே பிடித்துக் கட்டினான். தை முடிந்தது. கேனில் அளவு அசையவில்லை. தர்மன் கொல்லையை விட்டுக்கொடுத்தான்.

மறுநாள் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் கன்றின் முதுகைத் தடவிப் பார்த்தாள்.

"கிடாரி மினுமினுன்னு இருக்குதே. என்னத்தப் போட்டு வளத்த வெண்மதி?"

"எல்லாம் அவரு போட்ட ஓட்ஸுதாங்க்கா."

தர்மன் திரும்பினான். "நான் மாட்டுக்கில்ல போட்டேன்?"

"மாட்டுக்குத்தான் போட்டீங்க. பால் நல்லாவே ஏறுச்சு. ஏறுனதைக் கன்னுக்கு விட்டேன்."

"அப்ப நான் ஜெயிச்சுட்டேன்!"

"கேன்ல ஏறுனாத்தான்னு நீங்கதான சொன்னீங்க?"

கோவிந்தம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இது அநியாயம் வெண்மதி. ராத்திரி பகலா அறுத்தேனே."

"அநியாயம்னு யாருங்க சொன்னா? ஓட்ஸ் நல்ல பயிருங்க. கன்னுக்கு ஒத்துப் போச்சு. அடுத்த வருசமும் போடுங்க, மேட்டுக் கொல்லையில."

மேட்டுக் கொல்லைக்குத் தண்ணீர் ஏறாது. குடத்தில்தான் சுமக்க வேண்டும். தர்மன் அதைச் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு, ஓரமாக மிச்சம் நின்ற ஓட்ஸைத் தன் கன்றுக்கு அறுக்கப் போய்விட்டாள். போகும்போது மண்வெட்டியை அவன் கையில் கொடுத்திருந்தாள், பீன்ஸுக்குப் பாத்தி கட்ட.