காணாமற்போன கன்றுகளுக்கு ஒரு கட்டம்

மரத்தை வெட்டினால் காடு அழியும் என்ற மூடநம்பிக்கையை மனித குலத்தின் மனத்திலிருந்து வேரோடு பிடுங்கிய பெருமை, மார்க்கம் என்ற பனிநாட்டு நகரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இயங்கிய அந்த ஆலோசனை நிறுவனத்தையே சேரும். வடக்கே, ஸ்புறூஸும் பொப்லரும் கலந்து நிற்கும் குளிர்க் காடுகளில், மூன்று மரத்துக்கு இரண்டை வெட்டிவிட்டு ஒன்றை நிற்க விடுவார்கள். இதற்குப் "பகுதி வெட்டு" என்று பெயர். விட்ட மரம் விதை போடும், விதை முளைக்கும். முளைத்ததை எண்ணி, வெட்டினவர்களுக்கே "காடு மீண்டெழுந்தது" என்று சான்றிதழ் கொடுப்பது நிறுவனத்தின் திருப்பணி. வரவேற்பறையில் நின்ற பனை மட்டும் பிளாஸ்ரிக்.

சான்றிதழ்ப் படிவத்தை நிரப்புகிறவள் வேரோனிக்கா. மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அது 2009 யூன். ஊரில் யுத்தம் முடிந்துவிட்டதாக அறிவித்து மூன்று கிழமை ஆகியிருந்தது. அவளுடைய தம்பி றெஜி ஏப்ரல் கடைசியில் யாரோ ஒருவரின் சற்றலைற் போனில், "அக்கா, பிறகு எடுக்கிறன்" என்று சொல்லி வைத்தவன்தான். அந்தப் "பிறகு"க்காக அவள் கைத்தொலைபேசியைக் கழிப்பறைக்கும் கொண்டுபோனாள்.

காட்டுக்குப் போய்க் கன்றுகளை எண்ணுகிறவர் யேசுரட்ணம். ஒன்பது நாள் நுளம்புக்கு இரத்ததானம் செய்துவிட்டு வந்து, ஒரு பிஸ்கற் பேணியை அவள் மேசையில் வைத்தார். உள்ளே இலக்கம் அடித்த சின்னச் சின்ன அலுமினியத் தகடுகள்.

"மூண்டு வருசத்துக்கு முதல் தகடு கட்டின ஸ்புறூஸ் கன்று நானூறு. இப்ப நிக்கிறது அறுபது. வெட்டின இடமெல்லாம் வெயில் விழுந்து, பொப்லரும் ராஸ்பெரிப் பற்றையும் ஆளுயரத்துக்கு வந்திட்டுது. கன்றெல்லாம் அதுக்குக் கீழ அமத்துப்பட்டுச் செத்துப்போச்சு. விட்ட மரத்திலயும் பாதி காத்துக்கு விழுந்து கிடக்குது."

"செத்தது எண்டு எழுத ஏலாது அண்ணை. அதுக்குக் கட்டம் இல்லை."

உண்மைதான். படிவத்தில் மூன்றே கட்டங்கள்: உயிருடன் உள்ளவை, காணப்படாதவை, புதிதாக முளைத்தவை. சாவை ஒழிக்க எத்தனையோ ஞானிகள் பாடுபட்டார்கள். நிறுவனம் ஒரு கட்டத்தைப் போடாமல் விட்டே அதைச் சாதித்திருந்தது.

"செத்த கன்றிலயிருந்து இந்தத் தகடெல்லாம் நான் என்ரை கையால கழட்டினனான், பிள்ளை."

"சாகேக்க கண்டனீங்களே?"

யேசுரட்ணத்துக்கு றெஜியைப் பற்றித் தெரியும். பேணியை மூடி அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, "காணப்படாதவை: 340" என்று தட்டச்சு செய்தாள்.

மேலாளர் ஸ்ரீநிவாசன், சென்னையிலிருந்து வந்து மரம் இல்லாமலே மரவியலில் பெயரெடுத்தவர், படிவத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"பிரமாதம் மேடம்! அறுபது, முந்நூத்தி நாப்பது, புதுசா வந்த பொப்லர் ரெண்டாயிரம். நானூறுக்கு ரெண்டாயிரத்து நானூறு. அறுநூறு பர்சென்ட் காடு!"

"காணாததையும் சேர்க்கலாமோ, சேர்?"

"காணலைன்னா என்ன அர்த்தம்? நாம பாக்கலைன்னுதானே? இருக்கும்மா, எங்கயாவது இருக்கும்."

வேரோனிக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இரண்டு பஸ்ஸிலும் அந்த வசனத்தையே சொல்லிக்கொண்டு போனாள். அன்றிரவு மாதக்கணக்குக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டாள்.

தம்பியைத் தேடித் தரும்படி ஊரிலுள்ள ஓர் அரச அலுவலகத்துக்கு எழுதியிருந்தாள். ஓகஸ்டில் பதில் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் உடைத்துப் படித்தாள். "தாங்கள் குறிப்பிடும் நபரின் பெயர் எமது பட்டியல் எதிலும் இல்லை. ஆகவே, அப்பெயரில் எவரும் காணாமற்போகவில்லை." கீழே முத்திரை மிக அழகாக விழுந்திருந்தது.

அவள் அதை மடிப்பதற்குள் ஸ்ரீநிவாசன் ஓடி வந்தார்.

"மேடம், ஒரு சின்னக் கரெக்‌ஷன். காணலைன்னு போட்டா, போய்த் தேடுங்கன்னு சான்றிதழைச் சரிபார்க்கிறவங்க சொல்றாங்க. அதனால அந்த முந்நூத்தி நாப்பதையும் லிஸ்ட்லேர்ந்தே எடுத்துடுங்க. முதல்லயே அறுபதுதான் முளைச்சுது. அறுபதும் இருக்கு. நூறு பர்சென்ட்!"

வேரோனிக்கா லாச்சியைத் திறந்து பேணியை எடுத்தாள். தகடுகளைப் படிவத்தின்மேல் கொட்டினாள்.

"அப்ப இதெல்லாம் ஆருடைய தகடு, சேர்?"

"அது... பழைய டேக்."

"இவ்வளவு நாளும் எங்கயாவது இருக்கும் எண்டனீங்கள். நானும் நம்பினனான். இப்ப முளைக்கவே இல்லை எண்டுறியள்."

பேனாவை எடுத்துப் படிவத்தில் நான்காவது கட்டம் ஒன்றைக் கீறினாள். "செத்தவை: 340. காரணம்: வெட்டு."

"ஐயோ, அப்படி ஒரு கட்டமே கிடையாதே!"

"இப்ப இருக்குது."

அந்தப் படிவம் அன்றே கிழிக்கப்பட்டது. புதுப் படிவத்தில் காடு நூறு வீதம் எழுந்து நின்றது. நிறுவனத்துக்கு அந்த ஆண்டின் பசுமை விருதும் கிடைத்தது என்பதைப் பெருமையுடன் அறியத்தருகிறோம். விருது மலரில் ஊழியர் அனைவரின் படமும் இருந்தது. வேரோனிக்கா என்று ஒருவர் அங்கே வேலை செய்ததாகப் பட்டியலில் இல்லை.

அவள் வீட்டிலிருந்து, தம்பியின் பெயர் இல்லை என்று எழுதிய அந்த ஊர் அலுவலகத்துக்குப் பதில் எழுதினாள். அவர்கள் அனுப்பிய கடிதத்தின் பின்பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கட்டங்கள் கீறினாள். பெயர்: றெஜினோல்ட். வயது: முப்பத்தொன்று. கடைசியாகக் கதைத்தது: ஏப்ரல் இருபத்தாறு, பங்கருக்குள் இருந்து. "காரணம்" என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டாள். அதை நிரப்பத் தெரிந்த அதே அலுவலகத்தின் விலாசத்தை உறையில் எழுதித் தபாலில் போட்டாள்.