நானோ அரணாக்கயிறு

பரளச்சிக்கு வெளியே, கருவேலமரம் தவிர எதுவும் வளராத பொட்டலில் போன மாதம் ஒரு பந்தல் முளைத்தது. பந்தலுக்குள் நானோ சித்தர் முளைத்தார். அதுவரை அவர் செல்போன் கடை ஜெகதீஸ்வரன். அருப்புக்கோட்டையிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஜனம் வந்தது.

"கார்பன் நானோ குழாய்! தலைமுடியில பத்தாயிரத்துல ஒரு பங்குதான் கனம். பலமோ இரும்பத் தூக்கிச் சாப்பிடும். அதை நூலோட சேத்து, நூத்தியெட்டு நாள் மந்திரம் ஏத்திருக்கேன். இந்த அரணாக்கயித்தை இடுப்புல கட்டுனவுக உச்சியில இருந்து விழுந்தாலும் கயிறு தாங்கும்!"

இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை எதில் கட்டியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு காட்சி. இரும்புக் கம்பத்தில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டை. மூட்டை அசையாமல் தொங்கும். ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கூட்டத்தில் பாதிப்பேர் தறிக்காரர்கள். கடையில் நூல் வாங்கினால் ஓர் இழையை உருவி, பட்டென்று இழுத்து அறுத்துப் பார்க்காமல் நூல் சுற்றிய கோனை எடுக்க மாட்டார்கள். இங்கே அறுத்துப் பார்ப்பது தெய்வக்குற்றம். நானும் ஒன்று வாங்கினேன். ஆராய்ச்சிக்காக என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

செல்போன் டவரில் ஏறிப் பெயிண்ட் அடிக்கும் பாண்டீஸ்வரனும் வாங்கிக் கட்டினான். மறுநாளிலிருந்து பாதுகாப்பு பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டு ஏறத் தொடங்கினான். "பெல்ட்டு இடுப்ப அறுக்குது. இது சொகமா இருக்கு" என்றான்.

செய்தி கேட்டு மதுரையிலிருந்து பஸ் பிடித்து நேரே பந்தலுக்கு வந்தாள் அவன் தங்கை சுகந்தி. அவளுக்கு மதுரையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. பிளாஸ்டிக்கை உருக்கி, நானோ குழாய்த் தூள் கலந்து, நூலாக இழுத்து, அந்த நூலை மெஷினில் மாட்டி அறுப்பது.

"அறுக்கிறதுக்கா சம்பளம் தாராக?" என்றார் பந்தலில் நின்ற பொன்னுச்சாமி.

"ஆமா மாமா. தூளு சரியாக் கலக்கலைன்னா கட்டிகட்டியா நின்னுரும். அந்த இடத்துல நூலு வெறும் பிளாஸ்டிக்க விட லேசா அறும். இருபது துண்டாவது அறுத்துப் பாக்காம நாங்க வாயத் தொறக்க மாட்டோம்."

பிறகு சித்தரிடம் திரும்பினாள்.

"சாமி, தொங்குறது நீங்க காட்டுற கயிறு. விக்கிற கயித்துல அந்த மூட்டையத் தொங்க விடுங்க. பாக்கெட்ட நீங்களே எடுங்க."

சித்தர் கண்ணை மூடினார். "நம்பிக்கையில்லாதவுக கை பட்டா சக்தி எறங்கிரும் தாயி."

"நான் தொடல. எங்க மயினி தொடட்டும்."

அண்ணன் மனைவி தங்கலட்சுமி முன்னால் வந்தாள். புருசனுக்கு, பிள்ளைகளுக்கு, பால் கறக்கும் மாட்டுக்கும்கூட இந்தக் கயிறு கட்டியவள். நம்பிக்கையில் அவளுக்குக் குறை சொல்ல முடியாது.

"நேரம் சரியில்லையே" என்றார் சித்தர்.

"போடுங்க சாமி, இந்தப் பிள்ள வாய அடைக்கணும்!" என்று கத்தியது பக்தகோடி. பக்தர்களிடமிருந்து எந்தச் சாமியும் தப்பியதில்லை.

சித்தரே பாக்கெட்டைப் பிரித்தார். தங்கலட்சுமி கும்பிட்டு, கயிற்றைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையில் மூட்டையைக் கட்டினாள். மூட்டையைத் தாங்கிப் பிடித்தபடி சித்தர் கிட்டேயே நின்றார். அவர் கையை எடுத்ததும் கயிறு அறுந்தது. மூட்டை அவர் பாதத்தில் இறங்கியது. அப்போது சித்தர் சொன்ன வார்த்தைகள் எந்த மந்திரத்திலும் கிடையாது.

தறிக்காரர் ஒருவர் காட்சிக் கயிற்றைக் கத்தரியால் நறுக்கினார். கத்தரி நின்றுவிட்டது. நூலைப் பிரித்தால் உள்ளே பைக் கிளட்ச் கேபிள்.

தங்கலட்சுமி அழவில்லை. அறுந்த கயிற்றைப் புருசன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பதினஞ்சு நாளு இதை நம்பியா உங்கள மேல ஏத்தி விட்டேன்?" பாண்டீஸ்வரன் இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். ஒரே இழுப்பில் கையோடு வந்தது. அவனுக்கு வியர்த்துவிட்டது. எனக்கும்தான்.

பொன்னுச்சாமி மட்டும் சித்தரிடம் குனிந்து, "அந்தக் கேபிளையே இடுப்புல கட்டுனா பலிக்குமா சாமி?" என்று ரகசியமாகக் கேட்டார்.

விழுந்தது சிமெண்டு மூட்டை என்பதால் சிரித்துக்கொண்டு பஸ் ஏறினோம். பாண்டீஸ்வரன் விழுந்திருந்தால் விதி என்று சொல்லி, மாலை போட்டுவிட்டு, இன்னும் பலமான கயிறு கேட்டு இதே பந்தலில் வரிசையில் நின்றிருப்போம்.